கைவண்டிக் கூட்டத்தில் ஒரு குழந்தை

அத்தியாயம் 11

அன்று காற்று விடியும்போதே ஆரம்பித்துவிட்டது.

வயோமிங் காற்றுக்கு வெர்லா பெடர்சன் எப்போதோ பழகிவிட்டாள். வந்த புதிதில், குடியிருந்த டிரெய்லர் வீடு உருண்டுவிடப் போகிறது என்று பயந்து, கணவர் டெவானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள்தான். இப்போதெல்லாம் அது பாட்டுக்கு அடிக்கட்டும் என்று திரும்பிப் படுத்துவிடுவாள். ஆனால் இன்றைக்கு அடித்தது வேறு காற்று. மேற்கிலிருந்து வரவேண்டியது, தெற்கிலிருந்து, ஜூலை வெயிலின் சூட்டோடு புழுதியை வாரிக்கொண்டு வந்தது. குதிரைகள் மேயாமல் வேலியோரம் ஒட்டி நின்றன.

“இன்னிக்கு ஐடஹோவிலிருந்து நூத்திச் சொச்சம் பிள்ளைங்க,” என்றார் டெவான், பூட்ஸ் கயிற்றை இறுக்கியபடி. “எட்டாம் நம்பர் கைவண்டியோட சக்கரம் இன்னும் ஆடுது. கிரீஸ் டப்பா எங்கே வச்சே?”

“நான் எதுக்கு உங்க கிரீஸ் டப்பாவைத் தொடறேன்?”

“போன தடவை அதுல ரொட்டித் தட்டைத் தடவினியே!”

“அது ஒரே தடவை. இருட்டு. அதை நீங்க சாகறவரைக்கும் சொல்லுவீங்க.”

அவர் சிரித்தார். எழுபத்தொரு வயதில், யூட்டாவில் வான்கோழிப் பண்ணையை விற்றுவிட்டு இங்கே சபையின் பண்ணைக்கு வந்து, சம்பளம் இல்லாமல், சாப்பாடும் பெட்ரோலும் சொந்தக் காசில், கழிப்பறை கழுவி, வேலி கட்டி, வண்டிச் சக்கரம் பழுதுபார்க்கிற மனிதர். இவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனின் சின்னத் திரையில் பார்த்ததை அவள் இன்னும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். மகன் கர்ட் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்குப் பின்னால், அவளுடைய சமையலறை ஜன்னலில், கம்பளிப் போர்வையை விரித்து ஆணி அடித்திருந்தது. பியானோ இருந்த இடத்தில் நிலவறையிலிருந்து ஏற்றிய கோதுமை டிரம்கள். மருமகள் ஜனெல் வரவேயில்லை, தலைவலியாம். பேத்தி டெஸ்ஸா மட்டும் திரையின் ஓரத்தில் நின்று பாட்டியையே பார்த்தாள். அப்பா திரும்பியதும் நகர்ந்துவிட்டாள்.

ஒன்றரை வருஷ சேவைக்குக் கிளம்பும்போது வீட்டை நம்பி ஒப்படைத்துவிட்டு வந்த மகன். பனிக்காலத்திலிருந்து அவன் ஹார்லன் ட்வீட் என்ற ஆளின் கூட்டத்துக்குப் போகிறான். உலகத்துக்கு நாள் குறித்தாயிற்று, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பாலைவனத்தில் கூட வேண்டும் என்று சொல்லும் ஆள். ஊர் பிஷப் கூப்பிட்டுக் கண்டித்ததும் கர்ட் சொந்த சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

டெவானிடம் இதைப் பற்றி எப்போது வாயைத் திறந்தாலும் ஒரே பதில்தான். “நாம கர்த்தரோட வேலையைப் பார்க்கறோம் வெர்லா. நம்ம வீட்டை அவர் பார்த்துப்பார்.”

*

பஸ்கள் வந்து நின்றதும் வில்லோ பென்ட் பண்ணை திருவிழா ஆயிற்று. அந்தக் காலத்தில் கைவண்டி இழுத்து இந்த வழியாக வந்து, பனியில் மாட்டிச் செத்துப்போன சபை முன்னோர்களை நினைத்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூன்று நாள் வண்டி இழுப்பார்கள். பையன்களுக்குத் தோள்வார் கால்சட்டை. பெண்களுக்குக் கணுக்கால் தொடும் பாவாடை, ஏப்ரன், முகத்தைப் பாதி விழுங்குகிற துணித் தொப்பி. கொண்டுவர மறந்தவர்களுக்குக் கொடுக்க வெர்லாவிடம் ஒரு பெட்டி நிறைய உண்டு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வண்டி; வண்டிக்கு ஒரு இளம் தம்பதி, மூன்று நாளைக்கு அவர்கள்தான் அப்பா அம்மா.

“சிஸ்டர் பெடர்சன், போன் உங்களுக்கு!” அலுவலக வாசலிலிருந்து பண்ணையின் பொறுப்பாளர் எல்டர் ராஸ்பேண்ட் குரல் கொடுத்தார்.

அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது. வீடியோவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கவேண்டுமென்றால் மேட்டின்மேல் ஏறவேண்டும். அலுவலகத்துப் பழைய போனில் யாராவது கூப்பிட்டால் அது நல்ல சேதியாக இருக்காது.

எதிர்வீட்டு ஆர்டித். கணவனை இழந்தவள், இடுப்பு எலும்பு மாற்றியவள், ஊரில் நடக்கும் எதையும் தவறவிடாதவள்.

“வெர்லா, நான் அடுத்தவங்க வீட்டை எட்டிப்பார்க்கற ஜாதி இல்லே. உனக்கே தெரியும்.”

“தெரியும் ஆர்டித். என்ன பார்த்தே?”

“விடியறதுக்கு முன்னாடி கர்ட் கிளம்பிட்டான். பிக்கப்ல டிரம்மும் மூட்டையுமா ஏத்தி. பிள்ளைங்களும் போயிருக்காங்க. முன் சீட்ல ஒரு பொம்பளை. ஜனெல் இல்லே. ஜனெலை நான் பார்த்தே ரெண்டு வாரம் ஆச்சு. அவ கார் கொட்டகையிலேயே நிக்குது.”

“முன்னாடியே போயிருப்பாளோ?”

“எதுல போவா? சூனியக்காரி மாதிரி விளக்குமாத்துலயா?” சொல்லிவிட்டு ஆர்டித்தே சிரிக்கவில்லை. “எனக்கு இது சரியாப் படலே வெர்லா.”

*

டெவான் எட்டாம் நம்பர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெர்லா குனிந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். போர்வை, டிரம், தலைவலி, கார். அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார்.

“இதையெல்லாம் எப்ப பார்த்தே?”

“ஞாயித்துக்கிழமை.”

“இன்னிக்குத்தான் சொல்றே.”

“சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? கர்த்தர் பார்த்துப்பார்ம்பீங்க.”

அவர் முகம் இறுகியது. “கர்ட் கிறுக்குப் பிடிச்சு அலையறான். ஒத்துக்கறேன். அவன் அண்ணனும் ஒரு காலத்துல அலைஞ்சான். திரும்பி வரல? நாலு மாசம்தான் பாக்கி. நடுவுல விட்டுட்டுப் போனா, கொடுத்த வார்த்தைக்கு என்ன மரியாதை? இவனுக்காகத்தானே நானே இங்க கிடக்கேன்? நம்ம உழைப்புக்கு ஒரு பலன் உண்டுன்னா அது அவன் தலையில இறங்கட்டும்னுதான்.”

இதை அவர் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் வெர்லாவும் அங்கேயே விட்டிருப்பாள். ஆனால் அவர் தொடர்ந்தார்.

“அவன் மனசு திரும்பிட்டுத்தான் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுப் பேசினான். அந்தப் பழைய பிரியத்தோட. மான் வேட்டைக்குப் போகணும், துப்பாக்கிப் பெட்டகத்தோட நம்பர் மறந்துபோச்சுப்பான்னு கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“டெவான்,” என்றாள் வெர்லா. “ஜூலை மாசத்துல என்ன மான் வேட்டை? அது அக்டோபர்லதானே?”

அவர் வண்டியின் சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது ஆடாமல் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

மதியச் சாப்பாடு முடிந்து வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், நுழைவுச் சாலையில் புழுதி கிளம்பியது. கர்ட்டின் வெள்ளைப் பிக்கப். பின்பக்கம் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

இறங்கிய மகனை ஒரு கணம் வெர்லாவுக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முகம் பளபளவென்று, தூங்கி எழுந்த குழந்தை மாதிரித் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் அவளைப் பயமுறுத்தியது.

“அம்மா!” என்று வந்து கட்டிக்கொண்டான். புகையும் வியர்வையும் நாறின.

டெவான் ஓடியே வந்துவிட்டார். “டேய்! சொல்லாம கொள்ளாம! இத்தனை தூரம்!” மகனின் தலைக்குமேல் அவர் வெர்லாவைப் பார்த்த பார்வையில், பார்த்தாயா என்று இருந்தது.

முன் சீட்டில் இருந்த பெண் இறங்கவில்லை. நரைத்த பின்னல், நீலச் சட்டை. நான்கு வயதுப் போர்ட்டர் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையில் அவள் கை இருந்தது.

“அது மரீட்டா,” என்றான் கர்ட். “எங்க கூட்டத்துல ஒருத்தங்க.”

“ஜனெல் எங்கப்பா?”

“அவ முன்னாடியே போயிட்டாம்மா. இடத்தைத் தயார் பண்ண.”

“எதுல போனா?”

கர்ட் புன்னகை மாறாமல் அம்மாவைப் பார்த்தான். “வேற குடும்பத்தோட போனா. ஏன் கேக்கறே?”

“சும்மாதான்,” என்றாள் வெர்லா.

பின் கதவைத் திறந்துகொண்டு டெஸ்ஸா இறங்கினாள். ஒன்பது வயது. சீவாத தலை. வலது காலும் இடது காலும் வேறு வேறு செருப்பு. தாத்தா தூக்கப் போனபோது கட்டைபோல் நின்றாள்.

“பிள்ளை ரெஸ்ட்ரூம் போகணும் போல இருக்கு,” என்றாள் வெர்லா. “நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அப்பாவும் பிள்ளையும் பேசிட்டிருங்க.”

“சீக்கிரம் வாம்மா,” என்றான் கர்ட். “நிறைய நேரம் இல்லே. நிஜமாவே யாருக்கும் நிறைய நேரம் இல்லே.”

*

கழிப்பறைக் கொட்டகையின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் வெர்லா மண்டியிட்டாள்.

“கண்ணு, பாட்டிகிட்ட சொல்லு. அம்மா எங்கே?”

டெஸ்ஸா கதவைப் பார்த்தாள். காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

“சொன்னா அம்மாவுக்குத்தான் கெடுதல்னு அப்பா சொல்லியிருக்கார்.”

“நான் யார்கிட்டயும் நீ சொன்னேன்னு சொல்லமாட்டேன்.”

“அம்மா வரமாட்டேன்னுட்டா,” என்றாள் குழந்தை. அழாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “எங்களையும் விடமாட்டேன்னுட்டா. பிஷப்பைக் கூப்பிடறேன்னு போனை எடுத்தா. அப்பா போனைப் பிடுங்கிட்டார். அப்புறம் அம்மாவைப் பழ அறையில வச்சிருக்கார். மனசு மாறினா திறக்கலாம்னு ஹார்லன் பிரதர் சொன்னாராம். நான் ராத்திரி கதவுகிட்ட போய்ப் படுத்துப்பேன். அம்மா பாட்டுப் பாடுவா. நேத்து பாடலை.”

“காலையில கிளம்பும்போது திறந்துவிட்டாங்களா?”

டெஸ்ஸா இல்லை என்று தலையசைத்தாள்.

பழ அறை. நிலவறையில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. ஒவ்வொரு இலையுதிர்காலமும் வெர்லா பீச்சும் பேரியும் பாட்டிலில் அடைத்து அடுக்குகிற அறை. அடுக்கி முடித்ததும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துவாள். உள்ளே எப்படி இருட்டு கவியும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். தலை தெளிவாக வேலை செய்தது. அலுவலகத்தில் போன் இருக்கிறது. ஆனால் முதலில் இந்தக் குழந்தை.

இரவல் உடுப்புப் பெட்டி கொட்டகைத் திண்டில்தான் இருந்தது. ஒரு பாவாடையை எடுத்து டெஸ்ஸாவின் இடுப்பில் இரண்டாகச் சுருட்டிக் கட்டினாள். ஏப்ரன். தொப்பியைப் போட்டு முகவாயில் முடிச்சிட்டதும் பேத்தியின் முகம் காணாமல்போனது.

“இது விளையாட்டா பாட்டி?”

“இல்லே கண்ணு. இது விளையாட்டு இல்லே. நீ பேசக்கூடாது. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. அப்பா கூப்பிட்டாலும்.”

பின்பக்கக் கதவு வழியாக வரிசையின் கடைசி வண்டிக்குப் போனார்கள். அந்த வண்டிக்கு அம்மாவாக வந்தவள் கேமி என்ற இளம்பெண். காலையில்தான் வெர்லாவிடம் ஊசி நூல் கேட்டு வாங்கியவள்.

“கேமி, இது என் பேத்தி. உங்களோட வரட்டும். முகாம் போய்ச் சேர்றவரைக்கும் இவ கையை விடாதே. எதுவும் கேட்காதே.”

கேமி வெர்லாவின் முகத்தைப் பார்த்தாள். டெஸ்ஸாவின் கையைப் பிடித்து வண்டியின் குறுக்குக் கட்டையில் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முன்னாலிருந்து விசில் ஒலித்தது. சக்கரங்கள் கிரீச்சிட்டன. பிள்ளைகள் கூச்சலோடு இழுக்க ஆரம்பித்தார்கள்.

*

அலுவலகத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. வாசற்படியில் கர்ட் நின்றுகொண்டிருந்தான்.

“எங்கேம்மா போறே?”

“தண்ணி பாட்டில் எடுக்கலாம்னு…”

“டிரெய்லர்ல இல்லாத தண்ணியா? வா. அப்பா காத்திட்டிருக்கார்.” அவள் தோளில் கைபோட்டான். சின்ன வயதில் சந்தைக்குக் கூட்டிப்போகும்போது இப்படித்தான் ஒட்டிக்கொண்டு நடப்பான். “டெஸ்ஸா?”

“வயிறு சரியில்லையாம். உள்ளே இருக்கா. வருவா.”

டிரெய்லரின் நடுவில் சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு டெவான் நின்றிருந்தார். கைகழுவி, சட்டையை மாற்றியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“வெர்லா, இவன் என்கிட்ட ஆசீர்வாதம் கேட்கறான். அதுக்காகத்தான் வந்தானாம்.”

“பெரிய பயணம் அப்பா,” என்றான் கர்ட். “நீங்களும் வரணும். இந்தச் செத்த ஆளுங்களோட வண்டிக்குச் சக்கரம் மாட்டிட்டு இருக்கீங்க. நாங்க நிஜமாவே கிளம்பறோம். ஆனா உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். தலையில கை வைங்க, போதும்.”

அவன் உட்கார்ந்தான். டெவான் பின்னால் நின்று இரண்டு கைகளையும் மகனின் தலையில் வைத்தார்.

பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று வைத்த கை. பத்தொன்பது வயதில் அவன் ஊழியத்துக்குக் கிளம்பியபோது வைத்தது. டெஸ்ஸா குறைமாதத்தில் பிறந்தபோது ஆஸ்பத்திரி நடையில் வைத்தது. ஒவ்வொரு தடவையும் டெவான் வாயைத் திறந்தால் வார்த்தை வரும். எங்கிருந்து வருகிறதென்று அவருக்கே தெரியாது என்பார்.

“கர்ட் லமார் பெடர்சன்,” என்று ஆரம்பித்தார்.

டிரெய்லரின் தகரக் கூரையைக் காற்று உலுக்கியது. வெளியே பிள்ளைகளின் சத்தம் மெல்ல மெல்லத் தூரப்போயிற்று. கர்ட் கண்ணை மூடிக் காத்திருந்தான்.

டெவானின் உதடு அசைந்தது. மூடிக்கொண்டது. மறுபடி அசைந்தது. அவர் நெற்றியில் வியர்வை கோத்தது. வெர்லா மூச்சுவிடாமல் பார்த்தாள்.

மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

“என்னப்பா?”

“வரலை,” என்றார் டெவான். “ஒண்ணுமே வரலை.” நாற்காலியைச் சுற்றி வந்து மகனுக்கு எதிரே நின்றார். “ஜனெல் எங்கடா?”

“சொன்னேனே, முன்னாடி…”

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.”

கர்ட் பார்த்தான். “அவ இன்னும் தயாராகலை அப்பா. தயாரானதும் வருவா.”

“எங்கேருந்து வருவா?”

குழந்தைக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தும், வெர்லாவுக்கு அடக்க முடியவில்லை.

“என் பழ அறையிலேருந்து வருவாளாடா?”

அந்த ஒரு வார்த்தையில் கர்ட்டின் முகத்திலிருந்த பளபளப்பு அணைந்தது. எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“டெஸ்ஸா எங்கேம்மா?”

*

கொட்டகையின் ஒவ்வொரு கதவையும் உதைத்துத் திறந்தான். பிறகு வெட்டவெளியில் வந்து நின்றான்.

மேட்டின்மேல் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. புழுதிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். பாவாடை, ஏப்ரன், தொப்பி. எல்லாப் பெண்களும் ஒரே பெண்.

“டெஸ்ஸா!”

காற்று அவன் குரலை அவன் பக்கமே திருப்பி அடித்தது. மேட்டை நோக்கிக் கொஞ்ச தூரம் ஓடினான். நின்றான். கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தான். வெர்லா மேட்டைப் பார்க்கவில்லை. பார்த்தால் தன் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, தரையில் கிடந்த ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிக்கப்பில் மரீட்டா ஹாரனை அழுத்தினாள். ஒரு முறை, நீளமாக.

அந்தச் சத்தத்தில் போர்ட்டர் விழித்துக்கொண்டான். டெவான் அதற்குள் வண்டியருகே போய்க் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. “திறங்கம்மா! பையனைக் கொடுங்க!” கண்ணாடிக்குள் அந்தப் பெண் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தாள். போர்ட்டர் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் ஒட்டிவைத்து, “தாத்தா!” என்றான். சத்தம் கேட்கவில்லை. வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

கர்ட் திரும்பி வந்தான். ஓடவில்லை, நடந்தே வந்தான். அம்மாவுக்கு முன்னால் நின்றான்.

“அவளைக் காப்பாத்திட்டேன்னு நெனக்கறே இல்லேம்மா? எதுலேருந்து நீ அவளைப் பிரிச்சிட்டேன்னு உனக்குத் தெரியாது. தெரியறபோது நீயே அவளைக் கொண்டுவந்து விடுவே.”

“போர்ட்டரை விட்டுட்டுப் போடா,” என்றாள் வெர்லா. “உன் கால்ல விழறேன்.”

அவன் அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டான். பிறகு வண்டியில் ஏறினான்.

டெவான் வண்டிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் பானெட்டின்மேல் ஊன்றினார். இன்ஜின் உறுமியது. கர்ட் பின்னால் எடுத்து, புதர்க்காட்டில் ஏறி, அவரைச் சுற்றிக்கொண்டு போனான். பக்கக் கண்ணாடி டெவானின் தோளில் மோதியது. அவர் சுருண்டு விழுந்தார்.

வெர்லா ஓடிப்போய்த் தூக்கினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தார். நெடுஞ்சாலையைத் தொட்டதும் பிக்கப் தெற்கே, யூட்டா பக்கம் திரும்பவில்லை. மேற்கே போயிற்று.

“வா,” என்றார். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. “போன் எங்கே? வா.”

*

ஷெரீஃப் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியாயிற்று. பிக்கப்பின் நம்பரை டெவான்தான் சொன்னார்; அவர் பேரில் வாங்கிக்கொடுத்த வண்டி. யூட்டா ஷெரீஃபுக்கும் சொல்லியாயிற்று. ஆள் அனுப்புகிறோம், மலைப்பக்கம் ஒரு விபத்து, கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். டெஸ்ஸாவைக் கூட்டிவர ஒரு ஜீப்பை முகாமுக்கு அனுப்பினார் எல்டர் ராஸ்பேண்ட்.

“எல்டர், நாங்க இன்னிக்கே கிளம்பறோம்,” என்றார் டெவான். “நாலு மாசம் பாக்கி இருக்கு. எனக்குத் தெரியும். ஆனா நாங்க கிளம்பறோம்.”

“அதை நீங்க ஏன் என்கிட்ட கேட்கணும்?” என்றபடி ராஸ்பேண்ட் அவர் தோளுக்குக் கட்டுப்போட்டார். “போங்க.”

டெவான் சுவரைப் பார்த்தபடி வெர்லாவிடம் சொன்னார்: “நீ சொல்லிட்டே இருந்தே. நான் காதுல போட்டுக்கலே.”

ஆறுதல் சொல்லும் நிலைமையில் அவள் இல்லை. ஆர்டித்தின் நம்பரைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் ஆர்டித். வெர்லா நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“ஷெரீஃப் ஆளுங்க வந்திட்டிருக்காங்க ஆர்டித். நீ வாசல்ல நின்னு பார்த்தா போதும்.”

“என்கிட்ட உன் வீட்டுச் சாவி இருக்கு வெர்லா. அந்தப் பொண்ணு உள்ளே கிடக்கும்போது நான் வாசல்ல நின்னு ரோஜாவுக்குத் தண்ணி விடணுமா? போனைக் கையிலேயே வச்சிருக்கேன். பேசிட்டே இரு.”

ஊன்றுகோல் தெருவில் தட்டும் சத்தம். பூட்டு. கதவு. டெவான் அருகே வந்து போனில் காதை வைத்தார்.

“உள்ளே இருட்டா இருக்கு. எல்லா ஜன்னல்லயும் போர்வை. ஜனெல்! அம்மாடி, ஆர்டித் வந்திருக்கேன்! பதில் இல்லே வெர்லா. லைட்டைப் போட்டுட்டுப் படி இறங்கறேன். இரு… இதென்ன, கால் ஒட்டுது.”

“என்ன ஒட்டுது?”

“உன் பீச் பழம். பாட்டிலெல்லாம் உடைஞ்சு கிடக்கு. தரை முழுக்க சாறு.” நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. “பழ அறை திறந்திருக்கு. உள்ளே ஒரு வாளி, ஒரு கம்பளி. ஆள் இல்லே.”

“தப்பிச்சிட்டாளா?” என்றார் டெவான். குரல் உடைந்தது. “கதவை உடைச்சிட்டு வந்துட்டாளா?”

“உடைக்கலே டெவான். பூட்டு சாவி போட்டுத் திறந்திருக்கு. வெளியிலேருந்து.” ஆர்டித்தின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “சாறுல காலடி பதிஞ்சிருக்கு. படியேறி, பின்கதவு வழியாப் போகுது. ஒண்ணு வெறுங்காலு, சின்னது. பக்கத்துலயே ஒரு பூட்ஸ் காலு. ரொம்பப் பெரிசு.”

வெர்லாவின் கை டெவானின் கையைத் தேடியது. விடியுமுன் கிளம்பி இத்தனை நேரமும் கர்ட் சாலையில்தான் இருந்தான்.

“வெர்லா,” என்றாள் ஆர்டித். “சாறு இன்னும் காயவே இல்லே.”